ருசி பார்க்காத சூப்

என் பிள்ளை மதுசூதன் இத்தாலியிலிருந்து திருச்சிக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. வந்தவன் கன்டோன்மென்டில் ஹோட்டல் அறை எடுத்துத் தங்கினான். பெற்றவள் நான் காவிரிக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். கேட்டால், "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றான். சிரமமாம்! பத்து மாதம் சுமந்தபோது வராத சிரமம், அறுபத்தாறு வயதில் ஒரு டம்ளர் காபி கலக்கும்போது வந்துவிடப் போகிறதாக்கும்.

தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வந்தான். சோபா நுனியில் உட்கார்ந்தான். "பிபி மாத்திரை போட்டுக்கறியாம்மா?" என்று கேட்டான். காபி குடித்த டம்ளரை நீட்டி, "தேங்க்ஸ்மா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாத்தமுதில், அதாவது ரசத்தில், புளி ஒரு துளி தூக்கலாக இருந்தால், "என்னம்மா இது, பல்லு கூசறது!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பிள்ளை அவன். பெற்ற தாய்க்குத் தேங்க்ஸ் சொல்ல அவனை நான் வளர்க்கவில்லை. ஆனால் அவனை அப்படி ஆக்கியது யார் என்று கேட்டால், நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அவன் பெண்டாட்டியோடு வந்திருந்தான். ஜூலியா என்று பெயர், இத்தாலிக்காரி. டுரினில் இவனோடு ஒரே ஆபீசில் வேலை. அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினார்கள். நான் நாலு நாள் அழுதேன், ஐந்தாம் நாள் அவளுக்குப் புடவை எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் காலமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, வீட்டில் இன்னொரு குரல் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஏகாதசியன்று விடிவதற்கு முன்பே சொர்க்கவாசல் சேவிக்கப் போனேன். கூட்டத்தில் நசுங்கி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மத்தியானம் வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததும் கறி வாடை மூக்கில் அடித்தது. பூண்டுகூட ஏறாத என் அடுப்பில், பெருமாளுக்கு முன்னால், அந்தப் பெண் பன்றிக்கறி சாசேஜ் போட்டு உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தாள். அதுவும் ஏகாதசியன்றைக்கு! என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். நான் பசியோடு வருவேனே என்று செய்தாளாம்.

அடுப்பில் இருந்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினேன். பாத்திரங்களைக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். திரும்பி வந்து, அவள் நிற்கும்போதே, தரையில் மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவள் காலை நகர்த்தி நகர்த்தி நின்றாள். மதுசூதன் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிஷம் போன், அவ்வளவுதான். இந்தத் தடவை பேங்கில் ஏதோ கையெழுத்து வேலை என்று தனியாக வந்திருந்தான். "ஜூலியா வரலையா?" என்றேன். "லீவு கிடைக்கலைம்மா" என்றான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ராத்திரியாவது என் வீட்டில் படுக்க வேண்டும். விடிந்து கதவைத் திறந்தால் என் பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாயால் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று, வரவில்லை. எதைக் கொட்டினேனோ அதையே என் கையால், என் அடுப்பில் செய்து போட்டால்தான் வருவான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாளை மத்தியானம் சாப்பிட வா என்று போன் செய்தேன். "சரிம்மா, மூணு மணிக்குள்ள கிளம்பணும்" என்றான். நாளை மறுநாள் காலை விமானம்.

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துப் பாலக்கரைக்குப் போனேன். அங்கே இருதயமேரி இருக்கிறாள். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவள் தங்கை லிசி ரோமில் கன்னியாஸ்திரி. லீவில் வரும்போதெல்லாம் அந்த ஊர்ச் சமையலை அக்காவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவாள். நான் விஷயத்தைச் சொன்னதும் இருதயமேரி பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்துவிட்டாள்.

"மேடம், உங்களுக்கு என்ன ஆச்சு? ஆபீஸ்ல நான் முட்டை டப்பாவைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்குவீங்களே!"

"அந்த மூக்கை அறுத்துண்டு ஆறு வருஷமாச்சு. எப்படிப் பண்றதுன்னு சொல்லு."

"நானே செஞ்சு ஹாட்பாக்ஸ்ல போட்டுத் தரேன். எடுத்துட்டுப் போங்க."

"உன் ஆத்துல பண்ணினதைக் குடுக்கறதுக்கு ஹோட்டல் சாப்பாடு போறாதா? என் அடுப்புல ஆகணும்டி."

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கறிக்கடைப் பக்கம் கூட்டிப்போய், குளிர்பெட்டியிலிருந்து சாசேஜ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். கூடவே க்ரீம் ஒரு டப்பா, சூப்புக்குக் கரைக்கிற கட்டி இரண்டு. வழியெல்லாம் செய்முறை சொன்னாள். சாசேஜின் தோலை உரித்து உதிர்த்து, சின்னத் தீயில் வறுக்க வேண்டும். அது விடுகிற கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய். அப்புறம் தண்ணீரும் கட்டியும். உருளைக்கிழங்கைத் தோலோடு வில்லை வில்லையாக நறுக்கிப் போட்டு வேகவிட வேண்டும். இறக்கும் சமயம் பசலைக்கீரை. "க்ரீம் ஊத்தினப்புறம் கொதிக்க விட்டுடாதீங்க, திரிஞ்சு போயிடும். உப்பு மட்டும் கடைசியில ருசி பாத்துப் போடுங்க" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில், பாக்கெட்டை நாலு பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோவிலுக்குப் போகிற மாமி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையை எட்டிப் பார்த்து, "என்ன வாங்கிண்டு போறேள்?" என்றாள். "மூட்டு வலிக்கு மருந்து" என்றேன். ஊரில் உள்ளவர்களுக்கு அடுத்தவள் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

மறுநாள் பத்தரை மணிக்கு ஆரம்பித்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். பெருமாள் அலமாரியையும் சாத்தி, "கோச்சுக்கறதானா என்மேல கோச்சுக்கோ, குழந்தைமேல வேண்டாம்" என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னேன். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சாசேஜின் தோலை உரித்தேன். ஈரமாக, கொழகொழவென்று. இரண்டு தடவை ஓடிப்போய்க் குழாயடியில் ஓங்கரித்துவிட்டு வந்தேன். வறுபட்ட பிறகு வாசனை மாறியது. பூண்டு பொன்னிறமானபோது, ஐயோ, இதை எப்படிச் சொல்வேன், பசி கிளம்புகிற வாசனையாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்கு குழைந்து, க்ரீம் ஊற்றியதும் குழம்பு வெளுத்து, மேலே செம்பழுப்பு எண்ணெய் மிதந்தது. அன்றைக்கு ஜூலியா செய்ததும் இதே நிறம்தான்.

உப்பு போட்டேன். இங்கேதான் தப்பு செய்தேன். எங்கள் வீடுகளில் தளிகை பண்ணுகிறவள் ருசி பார்க்க மாட்டாள். பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் வைத்தால் எச்சில். உப்புக்குக் கைக்கணக்கு, காரத்துக்கு மூக்குக்கணக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான், ஒரு நாளும் உப்பு தப்பியதில்லை. ஆறு உருளைக்கிழங்குக்கு எவ்வளவோ அவ்வளவு கல்லுப்பை அள்ளிப் போட்டு மூடிவைத்தேன். சாசேஜில் உப்பு இருக்கும், அந்தக் கட்டியே முக்கால்வாசி உப்புதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் பன்றிக்கறிச் சூப்பை ருசி பார்ப்பதாவது!

ஒரு மணிக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னம்மா வாசனை இது?"

"உள்ளே வந்து பாரு."

கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தேன். ஸ்பூனால் ஒரு தடவை கிளறிப் பார்த்தான்.

"நீயாம்மா பண்ணினே?"

"பின்னே, மேல் வீட்டு மாமியா வந்து பண்ணிட்டுப் போவா? ஆறறதுக்குள்ள சாப்பிடு."

ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். "நன்னா இருக்கும்மா" என்றான். கிண்ணம் காலியாயிற்று. இன்னொரு கரண்டி ஊற்றினேன், அதையும் சாப்பிட்டான். எனக்கு ஆகாசத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இதுதான் சமயம் என்று, "இன்னிக்கு இங்கேயே இருந்துட்டு, காலம்பர ஏர்போர்ட்டுக்குப் போயேண்டா" என்றேன்.

"இல்லம்மா, சாமானெல்லாம் ரூம்ல இருக்கு. பரவாயில்லை. ரொம்ப தேங்க்ஸ்மா, இவ்வளவு சிரமப்பட்டுப் பண்ணியிருக்கே."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். சொம்பிலிருந்து இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டான். அது நாலாவது டம்ளர். எனக்குச் சுருக்கென்றது. எட்டி அவன் கீழே வைத்திருந்த ஸ்பூனை எடுத்து, கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்து என் வாயில் வைத்தேன்.

"அம்மா! என்ன பண்றே? துப்பு, துப்பு!" என்று நாற்காலி சாயும்படி எழுந்தான்.

நான் விழுங்கிவிட்டேன். உப்பு. கறியின் ருசி என்ன என்றுகூடத் தெரியாத அளவுக்கு உப்பு. நாக்கு சுருண்டு போயிற்று.

"உப்புக் கரிக்கறதேடா! இதையா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டே?"

"பரவாயில்லைம்மா."

"என்ன பரவாயில்லை? வாயில வைக்க முடியலைன்னு சொல்றதுக்கென்ன? கத்தேன்! கிண்ணத்தைத் தூக்கி எறியேன்! விருந்தாளியாட்டம் நன்னா இருக்கு, நன்னா இருக்குன்னு... ஏண்டா எதுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறே?"

மதுசூதன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"ஜூலியாவும் இதையேதாம்மா கேட்டா."

"எப்போ?"

"அன்னிக்கு ஹோட்டல்ல. உங்கம்மா கொட்டினதுக்குக்கூட எனக்குக் கோபமில்லை, நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னா. அப்பவும் நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள எது வந்தாலும் கடைசியில அந்தக் கேள்விக்கே வந்துடுவா. நானும் பதில் சொல்லலை. போன வருஷம் விட்டுட்டுப் போயிட்டா. டிவோர்ஸ் ஆயாச்சும்மா."

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஞாயிறு தவறாமல் நான் "ஜூலியா சௌக்கியமா?" என்பேன், அவன் "சௌக்கியம்மா" என்பான். ஒரு வருஷமாக, காலியான வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறான்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. இதுவரை உங்களிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை.

"அன்னிக்கு அடுப்புல ரெண்டு பாத்திரம் இருந்ததுடா. நான் கொட்டினதுக்கு மறுநாள் குப்பைத்தொட்டியில பார்த்தேன். சின்னதுல ஒட்டிண்டிருந்தது வெறும் உருளைக்கிழங்கும் கீரையும்தான். கறி இல்லை. எனக்குன்னு தனியா வெச்சிருக்கா."

அவன் முகம் மாறியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு வருஷமா தெரியுமா? தெரிஞ்சுண்டா சும்மா இருந்தே?" அவன் குரல் எழும்பியது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா! அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! எத்தனை தடவை கேட்டா தெரியுமா, அந்தச் சின்னப் பாத்திரத்தை உங்கம்மா பார்த்தாளா, பார்த்தாளான்னு! நான் என்ன பதில் சொல்லுவேன்?" மேஜையை ஓங்கி அறைந்தான். கிண்ணம் உருண்டு கீழே விழுந்தது.

கத்து என்று கேட்டவள் நான்தான். கத்தினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பிள்ளை என் வீட்டில் என் பிள்ளையாக இருந்தான். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் இங்கே இல்லை, அவனோடும் இல்லை.

மூன்று மணியாயிற்று. அவன் எழுந்து போவான் என்று பார்த்தேன், போகவில்லை. கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் போட்டான். ஹோட்டலுக்குப் போன் செய்து அறையைக் காலி செய்வதாகச் சொன்னான். ஆட்டோவில் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குத் திரும்பி வந்தான். "இன்னிக்கு இங்கேயே இருக்கேம்மா. அந்த ரூம்ல ஒண்டியா இருக்க முடியலை" என்றான்.

நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை இது. வந்ததும் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. அவன் கட்டிலில் புது விரிப்பைப் போட்டுவிட்டு, விளக்கேற்றும் நேரத்தில் அடுப்படிக்கு வந்தேன். அவனும் பின்னாலேயே வந்து நின்றான்.

"அங்கே யாருடா சமைக்கறா உனக்கு?" என்று கேட்டேன்.

"நானேதாம்மா. ஒருத்தனுக்கு எவ்வளவு வைக்கறதுன்னே தெரிய மாட்டேங்கறது. தினமும் மீந்து போறது."

"எனக்கும் அப்படித்தாண்டா" என்றேன். இரண்டு பேருக்கு அரிசியை அளந்து களைந்தேன்.