ஒரு சாமானும் தொலையக்கூடாது

இரண்டு வருடமாக அந்த ஏரிக்கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். மீன்களோ என் வீச்சுக்கு எட்டாத இடமாகப் பார்த்துத்தான் துள்ளும். வேண்டுமென்றே செய்கின்றன என்று அவற்றை வாய்விட்டே திட்டியிருக்கிறேன். இனி அவற்றின் பாச்சா பலிக்காது. நாளை காலை நானே நடு ஏரிக்குப் போகிறேன். என் சொந்தக் கயாக்கில், ஒற்றை ஆள் உட்காரும் துடுப்புப் படகில், தனியாக!

அதற்கு முன் என் வீட்டுக்காரர் வைத்த பரீட்சையில் தேற வேண்டும். அவர் பஸ் ஓட்டுகிறவர். பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே நாலடி தள்ளித்தான் நிற்பார்.

"கரைக்குப் பக்கத்துலயே, எல்லாச் சாமானோடயும் படகை நீயே கவுக்கணும். திரும்ப ஏறணும். ஒரு சாமான் தொலைஞ்சாலும் நாளைக்குப் போறது கிடையாது."

"சரி. அப்புறம் பேச்சு மாறக்கூடாது, சொல்லிட்டேன்."

காலையிலிருந்து என் தையல் மேசையில் துணிக்கு இடமில்லை. "அக்கா, என் சட்டை என்னாச்சு?" என்று வந்தவளைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். இன்று யார் சட்டையும் எனக்கு முக்கியமில்லை.

பெட்டியில், தூண்டிலில் இரைக்குப் பதில் மாட்டும் பொய் மீன்கள் நாற்பது. கயாக்கில் மடியளவு இடம்தான், அதனால் ஆறு மட்டும் எடுத்தேன். மீதியை மூடும்போது மனசு கேட்கவில்லை, இன்னொன்றையும் எடுத்துப் போட்டேன். தூண்டில் ராடு இரண்டு. ஒன்றில் மிதக்கும் பொய் மீன், இன்னொன்றில் அடியில் இறங்கும் ரப்பர் புழு. ஆடுகிற படகில் உட்கார்ந்து முடிச்சை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ராடை மாற்றினால் போதும். முள் என் தொடையிலேயே ஏறினால் லேசாக உருவ வேண்டுமே என்று, கொக்கிகளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினேன்.

ராடின் ரீலில் புதுத் தூண்டில் நரம்பு சுற்றும்போது அவர் பென்சிலில் நரம்பு உருளையை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இறுக்கிப் பிடிங்க. தூங்குறீங்களா?"

"வேலைக்காரன் கிடைச்சுட்டான்ல, ஏவு ஏவு."

பிறகு கட்டும் வேலை. எலாஸ்டிக்கை நாடாவுக்குள் நுழைத்து, நுனியில் கொக்கி வைத்துத் தைத்தேன். ராடுகள், குறடு, கைவலை, பெட்டி, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் படகோடு பிணைத்தாயிற்று. என் தையல் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை.

மாலை நாலு மணிக்கு ஏரி. லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டி, கரையிலிருந்து கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டுப் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். தடாலென்று எல்லாம் தலைகீழ்! மூக்கெல்லாம் தண்ணீர். படகைப் பிடித்துப் புரட்டி, வயிற்றால் எக்கி ஏறி, உட்கார்ந்து எண்ணினேன். ராடு இரண்டு, குறடு, வலை, பெட்டி, பாட்டில். எல்லாம் இருந்தன!

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினார். காற்றில் மிதந்து போய்க்கொண்டிருந்தது என் துடுப்பு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையிலேயே இருப்பதைக் கட்ட வேண்டுமென்று எந்த மடச்சிக்குத் தோன்றும்?

"தொலைஞ்சுது! இறங்கி வா!" என்றார்.

"எங்க தொலைஞ்சுது? கண்ணு முன்னாடிதானே போகுது!"

ஒரு ராடின் கட்டை அவிழ்த்துத் தூண்டிலை வீசினேன். எட்டவில்லை. அடுத்தது தாண்டி விழுந்து, துடுப்பின் மேல் வழுக்கி வந்துவிட்டது. மூன்றாவது, தண்டிலிருந்த ரப்பர் வளையத்தில் கப்பென்று மாட்டியது. நரம்பு தளர்ந்தால் கொக்கி கழன்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சுற்றினேன். துடுப்பு சாதுவாகக் கைக்கு வந்தது. அதைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தேன்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று திரும்பியபோதுதான் கவனித்தேன், மனிதர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். முழங்கால் நனைய நிற்காத ஆள்!

"ஐயோ, நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?"

"நீ முங்கினதும் கால் தானா வந்துடுச்சு. சாமான் கிடக்கு, யாருக்கு வேணும்? கவுந்தா நீ திரும்ப ஏறுவியான்னு தெரியணும் எனக்கு. ஏறிட்ட. நாளைக்குப் போயிட்டு வா."

கயாக்கை அவர் பக்கம் திருப்பி, பின்புறக் கைப்பிடியைக் காட்டினேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் துடுப்புப் போட, இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர் கரை வரை "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தார்.