நாணல் காட்டுச் சட்டதிட்டங்கள்

சினிமாவில் கதாநாயகன் நடக்கும்போது கேட்கிற காலடிச் சத்தம் அநேகமாக அவனுடையது அல்ல. ஒலிப்பதிவு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே மணல் தட்டிலோ பலகையிலோ வேறு யாரோ நடந்து கொடுப்பது. பல வருடமாக அவள் பார்த்துவந்த வேலை அதுதான். தோல் கையுறையைப் படபடவென்று உதறினால் புறா. கேரட்டை ஒடித்தால் எலும்பு முறிவு. மாவுப் பையை அமுக்கினால் பனியில் நடை. விசேஷ வீடுகளில் யாராவது அவளிடம் வேலையைப் பற்றி விசாரித்தால், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் முந்திக்கொள்வார். "இவ சத்தம் போடறதுக்குச் சம்பளம் வாங்கறா. நான் சத்தம் வராம பாத்துக்கறதுக்கு வாங்கறேன்." கேட்டவர்களே மறுபடி கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த வேலையால் அவளுக்கு ஒன்று நேர்ந்திருந்தது. எந்தச் சத்தமும் அதுவாகவே காதில் விழுவது நின்றுவிட்டது. மழை பெய்தால், எண்ணெய் பொரிவதை வைத்து இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். பக்கத்து வீட்டில் குழந்தை ஓடினால், வெறுங்காலா சாக்ஸ் போட்டிருக்கிறதா என்று மனசு கணக்குப் போடும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தச்சருக்கு மரத்தைப் பார்த்தால் கதவு தெரியாதா, அந்த மாதிரி.

அப்போதுதான் குழந்தைகளுக்கான படம் ஒன்று வந்தது. விரல் உயரத் தேவதை ஒருத்தி நாணல் காட்டில் பறந்து திரிகிறாள். அந்த இறக்கைக்குச் சத்தம் உண்டாக்க வேண்டியது இவள் பொறுப்பு. அவள் ட்ரேசிங் பேப்பரை அசைத்துப் பார்த்தாள், பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஆட்டிப் பார்த்தாள், குடைத்துணியைக் கிழித்து நூலில் கட்டிச் சுற்றினாள். இயக்குநர் பொறுமைசாலி. ஒன்று தும்பி மாதிரி இருக்கிறது என்றார், இன்னொன்று மின்விசிறி என்றார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, தன் மாமியார் காலையில் போர்வையை உதறுவது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்துக்குப் போனாள். பையைச் சுமக்கக் கணவரும் வந்தார். அங்கே ஆளுயரத்துக்கு நாணல். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றாள். தவளை கேட்டது, தும்பி கேட்டது, எல்லாவற்றுக்கும் அடியில் பம்பு மோட்டாரின் உறுமல் கேட்டது. ஒன்றும் உபயோகமில்லை. போதாக்குறைக்கு அவர் வேறு தும்மிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "தேவதை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? எங்க தேயுதுன்னு தெரியாம நான் கிரீஸ் வைக்கறதில்ல."

"சின்ன வயசுல தெரியும்," என்றாள் அவள். "எங்க அண்ணனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்ப எதுவும் ஞாபகம் இல்ல."

விஷயம் இதுதான். அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய காலி மனை ஒன்று இருந்தது. அதில் தேவதைகள் குடியிருப்பதாக அவளே கதை கட்டிவிட்டு, அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டதிட்டமும் வகுத்திருந்தாள். அவளைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் மறுபேச்சில்லாமல் நம்பினார். இப்போது அவர் லாரி டிப்போவில் எடை போடுகிறவர். அண்ணனும் தங்கையும் எப்போதாவது போனில் பேசுவதுண்டு. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவரிடமே கேட்கலாமே என்றார் கணவர். அவள் வெட்கப்பட்டு வேண்டாம் என்றாள். அவர் தன் போனிலிருந்தே மைத்துனரைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்துவிட்டார்.

யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, அவள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். அண்ணன் தடுமாறாமல் சொல்ல ஆரம்பித்தார். ஈரப் புல்லில் செருப்போடு போகக் கூடாது. காளானை மிதிக்கக் கூடாது, அது அவர்களுடைய குடை. மூக்கு சிந்த வேண்டுமென்றால் தள்ளிப்போய்ச் சிந்த வேண்டும்.

"றெக்கைக்குச் சத்தம் உண்டா அண்ணா?"

"சந்தோஷமா இருக்கறப்ப வராதுன்னு நீதானே சொன்னே? பயந்தாத்தான் சத்தம் வரும். அப்படிக் கேட்டா நாமதான் பயமுறுத்திட்டோம்னு அர்த்தம். மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பி வந்துடணும்." கூடவே சொன்னார். "நான் இன்னிக்கும் காளானை மிதிக்கறதில்ல. டிப்போல எல்லாரும் கேலி பண்றாங்க."

போனை வைத்துவிட்டு அவள் கருவியை அணைத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். செருப்பை விட்டுவிட்டு நுனிக்காலில் நாணலுக்குள் நடந்தாள். விரலிடுக்கில் சேறு பிதுங்கிச் சத்தம் எழுப்பியது. இதை எதை வைத்துச் செய்யலாம் என்ற யோசனை வழக்கம்போல் வரவில்லை. சேறு சேறு மாதிரியே கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு தண்டில் வெள்ளை நுரை அப்பியிருந்தது. ஏதோ சிறு பூச்சி கட்டிய கூடு. பின்னாலேயே வந்திருந்த கணவர் எட்டிப் பார்த்து என்ன அது என்றார்.

"அவங்க துணி துவைச்ச நுரை," என்றாள் அவள் முகத்தில் சலனமில்லாமல்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எங்க காயப் போடுவாங்க?"

பக்கத்தில் இரண்டு இலைகளுக்கு நடுவே ஓடிய சிலந்தி நூலை அவள் காட்டினாள். லிஃப்ட் கம்பி வடத்தைச் சோதிக்கிறவரைப் போல அவர் அதை வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு மெல்லிசான கம்பி எத்தனை துணி தாங்கும் என்று கேட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னும் உள்ளே போனார்கள். காற்று வீசியபோது நாணற்பூ பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அவர்கள் தலையெல்லாம் ஒட்டியது. அவருடைய ஷூ ஒன்று சேற்றில் புதைந்து போயிற்று. அதை இழுத்தெடுக்கப் போய் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரு சத்தமும் பதிவாகவில்லை.

திங்கட்கிழமை அவள் இயக்குநரிடம் அண்ணன் சொன்னதைச் சொன்னாள். தேவதை சந்தோஷமாகப் பறக்கிற இடங்களில் இறக்கைக்குச் சத்தமே வேண்டாம். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று தயாரிப்பாளர் சண்டைக்கு வருவாரே என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார். பூனை துரத்தும் காட்சிக்கு மட்டும் ட்ரேசிங் பேப்பர். இயக்குநர் சொன்னபடியே தயாரிப்பாளர் சண்டைக்கு வந்தார். படம் சுமாராக ஓடி நின்றது. இறக்கைச் சத்தம் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் பஸ் ஏறி வந்தார். நாணல் காட்டைப் பார்க்க வேண்டுமாம். மூன்று பேரும் கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக உள்ளே நடந்தார்கள். முன்னால் போன அண்ணன் காளான் தென்பட்ட இடத்தில் கையை நீட்டி மற்ற இருவரையும் சுற்றிப் போகச் சொன்னார். நடுவில் கணவருக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணன் திரும்பி முறைத்தார்.

"இருமல் வந்தா என்ன பண்ணணும்?" என்று கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அண்ணன் யோசித்துப் பார்த்தார். அவர் அறிந்த சட்டதிட்டத்தில் இருமலைப் பற்றி எதுவும் இல்லை. தங்கையைப் பார்த்தார்.

அவள் அவசரப்படாமல் முடிவு செய்தாள். "இருமலாம். ஆனா இருமினவங்க ஒத்தைக் கால்ல நிக்கணும்."

கணவருக்கு முழங்கால் வலி. மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு காலைத் தூக்கினார்.