பதினேழாம் எண்ணின் மணிகள்

சந்திரமௌலிக்கு இருபத்தைந்து வருடச் சேவை ரிப்பன் கொடுக்கப் போவதாக இளைஞர் முதலுதவிப் படையின் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்ததிலிருந்து அவர் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ரிப்பன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையின் இடது பைக்கு மேல் குத்திக்கொள்கிற, சுண்டுவிரல் நீளத் துணி. அதற்காக மனிதர் டில்லி துவாரகாவில் மூன்று தையல்காரர்களிடம் அலைந்து புதுச் சீருடை தைத்துக்கொண்டார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் நாற்காலியைத் தேய்த்ததற்கு யாரும் அவர் சட்டையில் எதையும் குத்தவில்லை. ஆசை இருக்காதா?

இளைஞர் முதலுதவிப் படை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாம்பல் நிறச் சீருடை மாட்டி, கட்டுப் போடவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும் சொல்லிக்கொடுத்து, கூட்டம் சேர்கிற இடங்களில் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பு. பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் பறந்துவிடுவார்கள். சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் கிடப்பது பெரியவர்கள்தான். புசா ரோடு பக்கம் ஒரு வாடகை ஹாலில் ஞாயிறுதோறும் கூடும் பிரிவுக்குச் சந்திரமௌலி பொறுப்பாளர். வருடத்துக்கு அறுபது மணி டூட்டி பார்த்தால்தான் அந்த வருடம் சேவையில் சேரும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே மணி, மணிக்கு நேரே பொறுப்பாளரின் கையெழுத்து. சந்திரமௌலியின் எண் பதினேழு.

ரிப்பன் கொடுக்கும் அணிவகுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், ஹாலில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்தார்கள். தலைமையகத்துக்கு வருடவாரியாகப் பட்டியல் அனுப்ப வேண்டும். அவர் வாசிக்க, துணைப் பொறுப்பாளர் மாதுரி லேப்டாப்பில் ஏற்றினாள். வங்கியில் வேலை பார்ப்பவள், டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், படைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"அங்கிள், ட்வென்ட்டி ட்வெல்வ்ல உங்களுக்கு இருநூத்திப் பத்து மணி. ஹர் சண்டே, ஒண்ணுவிடாம வந்திருக்கீங்க. கமால் ஹை, பெரிய விஷயம்தான்."

சந்திரமௌலி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பத்து மாதம் படுக்கையில் கிடந்தார். பதிவேட்டைத்தான் வீட்டுக்கு வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த இருநூற்றுப் பத்து மணியும் வடிவுடையது.

வடிவு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். துவாரகாவில் நாலு வீடுகளில் சமையல். பத்தொன்பது வருடம் முன்பு மகனைப் படையில் சேர்க்க வந்தவள், அவன் பயிற்சி முடியும்வரை சும்மா உட்காரப் பிடிக்காமல் தானும் கட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். மகன் படித்துப் போய்விட்டான், இவள் நின்றுவிட்டாள். சேர்க்கை ஃபாரத்துக்கு அப்போது முகவரிச் சான்று இல்லை. அவள் குடிசை இருந்த இடத்தை அந்த மாதம்தான் இடித்திருந்தார்கள். எண் இல்லாதவர்களின் மணியை எழுத முடியாது. எழுதாவிட்டால் பிரிவின் மொத்தம் குறையும். "இப்போதைக்கு என் நம்பர்ல போட்டுக்கறேன்" என்றார் சந்திரமௌலி. அந்த இப்போதைக்கு என்பதற்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. ஞாயிறுதோறும் "இன்னைக்கு ஆறு மணி சார்" என்று அவள் சொல்வாள். அவர் கை தானாகப் பதினேழாம் வரிக்குப் போகும். மனிதர் திருடவில்லை, மறந்துவிட்டார். அதுதான் இன்னும் கேவலம்.

பெட்டியின் அடியில் அந்த ஃபாரம் கிடந்தது. புகைப்படத்தில் குத்தியிருந்த குண்டூசி துருவேறி, வடிவின் நெற்றியில் பழுப்பாக இறங்கியிருந்தது. மாதுரி பார்ப்பதற்குள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சோதனையாக அந்த நேரம் பார்த்து வடிவே வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். அவள் வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மாள் ஒரு பள்ளியில் டீச்சர். அங்கே மெடிக்கல் ரூமுக்கு உதவியாள் தேவையாம். முதலுதவி அமைப்பில் ஐந்து வருடச் சேவைச் சான்றிதழ் இருந்தால் போதும். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

"அஞ்சு வருசம் கேக்கறாங்க சார். எனக்கு பத்தொம்போது ஆவுது. வேலை கெடச்சா நாலு வூட்டு அடுப்பும் வுட்டுறலாம். ஜல்தியா எழுதிக் குடுங்க. ஆமா, அஞ்சு வருச ரிப்பனே வரல, பதினஞ்சு வருச ரிப்பனும் எனக்கு வரணுமே, ஏன் வரல?"

"பார்க்கலாம் வடிவு" என்றார் அவர். அலுவலகத்தில் இந்த ஒரு சொல்லை வைத்தே பாதி உத்தியோகத்தை ஓட்டியவர்.

இரவெல்லாம் கணக்குப் போட்டார். வடிவின் மணிகளைக் கழித்தால் விபத்து வருடம் போகும், மகள் கல்யாண வருடம் போகும், வெளியே வரப் பயந்து வீட்டிலிருந்த இரண்டு கொரோனா வருடங்களும் போகும். மிஞ்சுவது இருபத்தொன்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் ரிப்பன் அவருக்கு வந்துவிடும். வடிவு என்று ஒருத்தி படையில் இருந்ததற்குத்தான் எங்கும் ஒரு வரி இராது. புதுச் சட்டை வேறு அலமாரியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது.

மறுநாள் பயிற்சி முடிந்து பிள்ளைகள் போனபிறகு, கட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த வடிவிடம் போய் நின்றார்.

"வடிவு, உன் ஃபாரத்தை நான் அனுப்பவே இல்லை. உன் மணியெல்லாம் என் நம்பர்லதான் இருக்கு."

அவள் கை நிற்கவில்லை. "எல்லாமா?"

"எல்லாம்தான்."

"கொரோனால ஊசி போடற கேம்ப்ல நின்னேனே, அது?"

"அதுவும்."

"அப்ப நீங்க வூட்டுல இருந்தீங்க."

"ஆமா."

"கேம்புக்குப் போறேன்னு ரெண்டு வூட்டுல என்னை நிறுத்திட்டாங்க சார். போனாப் போவுது, நம்ம பேரு ஒரு காகஜ்ல இருக்குதேன்னுதான் நின்னேன்." கடைசித் துணியையும் மடித்து அடுக்கி வைத்தாள். "எனக்கு சர்டிபிகேட் வேணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது."

சந்திரமௌலிக்கு வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். காதெல்லாம் சூடாகி, மெட்ரோவில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுத் தலைமையகத்துக்குப் போய், மாவட்டத் தலைவர் சேஷனிடம் பதிவேடுகளையும் துருவேறிய ஃபாரத்தையும் நாலு பக்கக் கடிதத்தையும் வைத்தார். சேஷன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏன்யா, நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போறது?"

"அந்தம்மாவுக்கு சர்டிபிகேட் கிடைக்காதே சார்."

"சரி. பத்தொன்பது வருஷம் அவதான் டூட்டி பார்த்தான்னு யார் சொல்றா?"

"நான்தான் சார். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இத்தனை வருஷம் நீ போட்ட கையெழுத்து பொய்ங்கறே. இப்ப போட்டிருக்கறதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

சந்திரமௌலி விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர்தான். சேஷன் கேட்டது நியாயம் என்பது அவருக்கே தெரிந்தது.

முடிவு அந்த வாரமே வந்தது. சந்திரமௌலிக்கு ரிப்பன் கிடையாது, பொறுப்பு மாதுரிக்குப் போகிறது, விருப்பமிருந்தால் அவர் சாதாரணத் தொண்டராக இருக்கலாம். மாதுரி தன் கண்ணால் பார்த்த ஒன்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்ததால் அந்த ஒன்பதும் வடிவின் பெயரில் ஏறியது. எண் நாற்பத்திரண்டு. அதற்கு முந்தைய பத்து வருடத்துக்குச் சந்திரமௌலியின் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே அது யாருக்கும் இல்லாமல் போனது. பதினைந்து வருட ரிப்பன் கிடைக்க வேண்டியவளுக்கு ஐந்து வருட ரிப்பன். சான்றிதழ் மட்டும் தவணைக்குள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

அணிவகுப்பன்று சந்திரமௌலி பழைய சட்டையோடு வந்து பின்வரிசையில் நின்றார். வராமலே இருந்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். அவருக்கு மனம் கேட்கவில்லை. படையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ரிப்பன்களை விருந்தாளி குத்துவார். ஐந்து வருட ரிப்பனை மட்டும், வாங்குபவர் தன் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் குத்திக்கொள்ள வேண்டும். தன்னைப் பழக்கியவரைக் கூப்பிடுவதுதான் முறை.

வடிவின் பெயரை வாசித்தார்கள். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து, நரைத்த கொண்டையோடு அவள் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு முதல் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தவர் சந்திரமௌலி. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவரும் தன்னை அறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார்.

"மாதுரி மேடம் குத்தட்டும்" என்றாள் வடிவு.

மாதுரி போனாள். ரிப்பனின் ஊசி இரண்டு முறை நழுவியது. சந்திரமௌலி வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார், எல்லோரும் பார்த்தார்கள்.

வரிசை கலைந்ததும், மாதுரி எழுதச் சொல்லிக் கொடுத்திருந்த பதிவேட்டோடு வடிவு நேரே அவரிடம் வந்தாள். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கு டூட்டி சார்" என்றாள். "நீங்க பாக்கற மணியை மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."