ஒன்றுக்குப் பிறகு பத்து

எனக்கு வாய் நீளம். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு இடத்திலும் என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நோயாளிகளின் திசுக்களோடு மல்லுக்கட்டுவாள். நான் பக்கத்து அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, அங்கிருந்து வரும் எண்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

"ஏசி ரூம்ல உக்காந்து பட்டன் தட்டுறதுக்கு ஒரு சம்பளம்" என்பாள்.

"உனக்கு அந்தப் பட்டனும் தட்டத் தெரியாதே" என்பேன்.

அவளுடைய முனைவர் பட்டம் இருபத்து நான்கு சில்லுகளில் இருந்தது. சில்லு என்றால் நகத்தளவு கண்ணாடி. அதன்மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகள், புள்ளிக்கு ஒரு மரபணு. நோயாளியின் திசுவிலிருந்து பிரித்தெடுத்து டியூபில் வைத்திருப்பதை அதில் விட்டால், மும்முரமாக வேலை செய்யும் மரபணுவின் புள்ளி பளிச்சென்று ஒளிரும். சோம்பேறி மரபணு மங்கிக் கிடக்கும். இருபத்து நான்கு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்குக் கேட்டது, பன்னிரண்டு பேருக்குக் கேட்கவில்லை. ஏன் என்று இந்தப் புள்ளிகள் சொல்லுமா என்பதுதான் அவள் கேள்வி. திசுக்களைச் சேர்க்கவே ஐந்து வருடம் ஆனது. இன்னொரு முறை கேட்டு வாங்கவும் முடியாது, அந்த நோயாளிகளில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

என் மென்பொருள் கையை விரித்துவிட்டது. மருந்து பலித்தவர்கள் ஒரு பக்கம் சிவப்பாகவும் பலிக்காதவர்கள் இன்னொரு பக்கம் பச்சையாகவும் பிரிய வேண்டிய படம், கலந்தடித்துக் கிடந்தது. சந்தேகப்பட்டு ஒரு சோதனை செய்தேன். பெண்களின் செல்லில் மட்டும் வேலை செய்யும் மரபணு ஒன்று உண்டு. ஆண் என்று குறித்த சில்லில் அது ஒளிரக் கூடாது, பெண் என்று குறித்ததில் ஒளிராமல் இருக்கக் கூடாது. எங்கள் பட்டியலில் எட்டு சில்லுகள் தப்பாக வந்தன.

பேராசிரியரின் அறையில், நாத்தனாரையும் வைத்துக்கொண்டு, பட்டென்று சொன்னேன். "டியூப் மாறியிருக்கு சார். ஐஸ் பெட்டியில டியூப் ஸ்டாண்டைத் திருப்பி வெச்சிருப்பாங்க."

"நான் மாத்தல அண்ணி" என்றாள். ஆய்வகத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவளுக்கு அது மறந்துபோயிற்று.

"அப்போ ஆம்பளைங்க எல்லாம் தானா பொம்பளையா மாறிட்டாங்களா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

ஸ்டாண்ட் திரும்பியிருந்தால் முதல் டியூப் கடைசியாகவும் கடைசி டியூப் முதலாகவும் மாறியிருக்கும். நான் சொன்னது அப்படிப் பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்க்கவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத் தப்பு எப்போதும் அடுத்த அறையில்தான் நடக்கும்.

முதல் வாரம் முழுக்க, சாப்பாட்டு மேஜையில்கூட, "நான் மாத்தல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாரம் "மாத்தியிருப்பேனோ?" என்றாள். மூன்றாவது வாரம், ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் கடிதம் கொடுத்துவிட்டாள். "உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை திட்டத்தை மூடுவதாக இருந்தது. அதற்கு அந்த எட்டு சில்லுகளின் பட்டியல் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். சனிக்கிழமை காலை உட்கார்ந்து கோப்புகளின் பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தேன். சில்லு 1. அடுத்தது சில்லு 10. பிறகு 11, 12 என்று 19 வரை. அதற்கப்புறம்தான் 2.

நான் எழுதிய நிரலைத் திறந்தேன்.

பெயர்களை அடுக்கச் சொன்னால் கணினி அகராதி மாதிரி அடுக்கும். முதல் எழுத்து 1 என்றால் போதும், பத்தும் பத்தொன்பதும் இரண்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். நோயாளிகளின் பட்டியலையோ நான் மனுஷி மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது என் நிரல். இரண்டாவது நோயாளியின் பெயர் பத்தாவது சில்லின் தலையில், மூன்றாவது ஆளுடையது பதினொன்றின் தலையில். முதல் ஆள் ஒருவர்தான் தப்பித்தார். டியூப்கள் எதுவும் மாறவில்லை.

ஒரு வரியைத் திருத்தி ஓட்டினேன். ஆண்கள் ஆண்களாகவும் பெண்கள் பெண்களாகவும் இருந்தார்கள், இருபத்து நான்கும். படமும் பிரிந்தது. மூன்று பேர் வழிதவறி எதிர்ப்பக்கம் நின்றாலும், நாற்பது மரபணுக்கள் இரண்டு கூட்டத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டின.

மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தது, அதில் சரியாகிவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்காலியில் பத்து நிமிடம் அதையும் யோசித்தேன். பிறகு என்மேலேயே அருவருப்பு வந்து எழுந்துபோனேன்.

அவள் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது. நீ எதையும் மாத்தல. என் புரோகிராம்தான் வரிசையை மாத்திருச்சு."

நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணன் இப்படிச் சொல்லச் சொன்னாரா?"

"என்னது?"

"என்னைக் காப்பாத்த நீங்க பழியைப் போட்டுக்கறீங்க. வேணாம் அண்ணி. எனக்கே ஞாபகம் வந்துருச்சு. ஐஸ் பெட்டியிலேர்ந்து ஸ்டாண்டை எடுத்தேன், போன் அடிச்சுது, கீழ வெச்சேன். திரும்பி வந்து எடுக்கறப்போ பச்சை மூடி போட்ட டியூப் இந்தப் பக்கம் இருந்துச்சு. லெட்டர்லயும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவள் அதற்கு ஒரு போனையும் ஒரு மூடியையும் சேர்த்து ஞாபகமாகவே ஆக்கிக்கொண்டிருந்தாள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணினி முன்னால் உட்காரவைத்தேன். தப்பு என்னுடையதுதான் என்று ஒருத்தியை நம்பவைக்க அவ்வளவு பாடுபடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. பழைய வரியைக் காட்டினேன், புது வரியைக் காட்டினேன். அவளையே ஓட்டச் சொன்னேன். தன் குறிப்பேட்டை எடுத்துவந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆண், சரி. பெண், சரி. பெண், சரி. இருபத்து நான்கு வரை போனாள்.

"அப்போ அந்தப் பச்சை மூடி?"

"தெரியலம்மா."

"நான் பார்த்தேனே."

குறிப்பேட்டை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

இருவரும் பேராசிரியரிடம் போனோம். ஒன்றையும் விடாமல் நானே சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளக்கூட மறந்து, நாற்பது மரபணுக்களையும் பார்த்துக் குழந்தை மாதிரி குதூகலித்தார். கடிதத்தை எங்கள் முன்னாலேயே கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "பிரமாதமான கை உங்களுக்கு" என்று அவளைப் பாராட்டினார். அவளும் நன்றி சொன்னாள்.

நடைபாதையில் திரும்பி நடந்தோம். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் நின்றாள். "நாளைக்கு நிஜமாவே ஒரு டியூப் மாறினா, நான் மாத்தினேனா இல்லையான்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்?"