கார்ட் உள்ள மாப்பிள்ளை

மிருணாளினியின் கணவர் பழைய பேஸ்பால் அட்டை ஒன்றிலிருந்து இறங்கி வந்தவர். பாரிசின் லா ஷப்பலில் இது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வாய் ஓயாமல் கதைப்பது அவருடைய காதுகளைப் பற்றி மட்டும்தான்.

மிருணாளினியின் தாய் சாரதாதேவிக்கு ஒரே நிபந்தனை: மாப்பிள்ளையிடம் கார்ட் இருக்க வேண்டும். பிரான்சில் தங்கும் அனுமதி அட்டைக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அதுதான். மகளோ நாற்பதை நெருங்கியும் காட்டிய படமெல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். தரகர் இராஜதுரை மாப்பிள்ளைப் படங்களைப் போட்டு வைக்கப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு பிஸ்கட் தகரப்பேணி வாங்கியிருந்தார். அதன் அடியில் கிடந்த அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் அட்டைகளை எடுத்தெறியச் சோம்பல். அவற்றில் ஒன்று மிருணாளினியின் கையில் அகப்பட்டது. மாறுகண், ஒரு கன்னத்தில் எலுமிச்சம்பழம் அடக்கியதுபோல் வீக்கம், தொப்பியைத் தாங்க இரண்டு காதுகள். சிரிப்பையே மறந்திருந்தவள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

“இவரெண்டால் ஓம், அம்மா.”

பகிடிக்குத்தான் சொன்னாள். சாரதாதேவிக்குப் பகிடி விளங்காது.

“ஆளிட்டை கார்ட் இருக்கோ, அண்ணை?”

கண்ணாடியை மறந்து வந்திருந்த இராஜதுரை அட்டையைத் தடவிப் பார்த்தார். “கையிலை வைச்சுக்கொண்டு கேக்கிறியள், தங்கச்சி! இது கார்ட்தானே?”

பின்பக்கத்தில் உயரம், நிறை, பிறந்த தேதி, ஊர் எல்லாம் அச்சில் இருந்தன. இராஜதுரை இவ்வளவு விபரம் ஒருநாளும் தந்ததில்லை. சாத்திரியார் 1931ஐ 1981 என்று வாசித்து, எட்டுப் பொருத்தம் என்றார். பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளை கம்பளிச் சீருடையோடு வந்து சேர்ந்தார். அட்டையில் புல்லும் வானமும் மட்டும் மிஞ்சின. நீட்டிய வெற்றிலையை, வாய் ஏற்கெனவே புகையிலையால் நிரம்பியிருந்தபடியால், பணிவாக மறுத்தார். மிருணாளினி மறுபடி சிரித்தாள். இம்முறை அது பகிடி இல்லை.

கலியாணம் முடிந்த கையோடு கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்துக் கார்ட் கேட்டது. அவர் எடுத்த அட்டையில் முகம் இல்லை. ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று மிருணாளினி அவர் காதருகே சாய்ந்தாள்.

“ஒருக்கா உள்ளை போங்கோவன்,” என்றாள்.

அட்டைக்குள் போனார். பொலிஸ்காரர் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், பக்கத்து ஆளுக்கும் காட்டினார், திருப்பித் தந்தார். ஆளைத் தேடவில்லை, கேட்டது கார்ட்தானே.

திரும்ப வரமாட்டாரோ என்ற பயத்தில் பொபினியிலுள்ள வீடுவரை அட்டையை இறுக்கிப் பிடித்தபடியே போனாள். அங்கே அதை மேசையில் வைத்தாள். சாரதாதேவி கோப்பையைப் பக்கத்தில் நகர்த்தினாள்.

“மருமோன், தேத்தண்ணி ஆறுது.”

இறங்கி வந்து குடித்தார். மகளின் பிடியில் அட்டையின் ஒரு மூலை நசுங்கிவிட்டதால், அன்றிலிருந்து அவருடைய இடது காது சற்று மடிந்திருக்கிறது. இப்போதுதான் பார்க்க லட்சணம் என்கிறாள் மாமியார்.