இடது காது

மிளகுக்குக் காது குத்தியது ஒரு சனிக்கிழமை மத்தியானம், கைப்பேசி உறைகள் விற்கும் ஒரு கடையில். அவளுடைய அம்மாவுக்கு அது தெரியாது.

மிளகு என்பது அப்பா வைத்த பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்துக்குப் பொருந்தும்படி கண்ணாடிகளை அரைத்துக் கொடுப்பவள். இருவருக்கும் இடையே பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் வற்றியே போனது. அவன் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஒற்றையறை வீட்டுக்குக் குடிபோனான். வார நாட்களில் மிளகு அம்மாவிடம் இருப்பாள். வாரக் கடைசியில் அப்பாவிடம்.

காது குத்த வேண்டும் என்று அவள் அம்மாவிடம்தான் முதலில் கேட்டாள். லீவு வரட்டும், நல்ல இடமாகப் பார்த்துக் குத்தலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவிடம் கேட்டபோது அந்தப் பதிலை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

கடையில் இருந்த இளம்பெண் துப்பாக்கி போன்ற ஒரு கருவியை எடுத்து, துணியால் ஒரு துடை துடைத்தாள். காதில் பேனாவால் புள்ளி வைத்தாள். டக், டக். மிளகு அழவில்லை. தோட்டின் பின்னால் இருந்த பூட்டை அந்தப் பெண் காதோடு ஒட்ட அழுத்தினாள்.

"தினமும் நல்லாத் திருகி விடணும். இல்லைன்னா ஒட்டிக்கும்," என்றாள். அப்பா தலையாட்டினான். வீட்டில் ஸ்பிரிட் வாங்கிவைத்து அன்றிரவும் மறுநாளும் துடைத்தான். அது சுள்ளென்று எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு மாலை அம்மா கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது காதைத்தான்.

"நல்லாருக்கு," என்று மகளிடம் சொன்னாள். மிளகு உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றும் வரை பொறுத்திருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்றாள்.

"ஆசப்பட்டா. குத்தினேன். இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. குத்தினவரே பாத்துக்கட்டும்."

அவள் கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மிளகுக்கு அந்தக் கடைசி வாக்கியம் நன்றாகவே கேட்டது.

சொன்னபடியே அம்மா அந்த வாரம் காதைத் தொடவில்லை. காலையில் தலை வாரும்போது கண்ணில் பட்டது. சீப்பு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. காதைப் பற்றிப் பேசினால் அம்மாவின் முகம் மாறிவிடும் என்பது மிளகுக்குப் புரிந்தது. அதனால் பேசவில்லை. கடை அக்கா சொன்னது நினைவில் இருந்தது. பள்ளிக்கூட வேனில், விளையாட்டு மைதானத்தில், நினைத்த போதெல்லாம் தோட்டைத் திருகினாள். ஈரமாக எதுவும் வந்தால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். இடது பக்கம் சூடாக இருந்ததால் வலது பக்கமாகவே திரும்பிப் படுத்தாள். முடியை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரக் கடைசியில் அப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுபோய் அவசர வேலை வந்துவிட்டது. அவளை அழைத்துப் போக வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பாசிரியை அவள் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்தார். அம்மா கண்ணாடி அரைக்கும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு கணவனின் எண்ணை அழுத்தினாள்.

"இடது காது பழுத்துப்போய் இருக்காம். கிளினிக் போறேன்."

"எந்தக் கிளினிக்? நான் வர்றேன்," என்றான் அவன். கையில் பாதி துடைத்த கிரீஸோடு வந்து சேர்ந்தான்.

மருத்துவர் இளைஞர். பூதக்கண்ணாடி வழியாகக் காதின் பின்புறத்தைப் பார்த்தார். பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் வீங்கிய சதை மட்டுமே இருந்தது.

"பூட்டு காதுக்குள்ள போயிடுச்சு. மேல சதை மூடிட்டு வருது," என்றார். "ரொம்ப இறுக்கி மாட்டியிருக்காங்க. குத்தினா காது வீங்கத்தான் செய்யும். வீங்கறதுக்கு இடம் விடணும். யாரு சுத்தம் பண்ணிட்டு இருந்தது?"

அப்பா அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் மிளகு.

"நீயா? எப்படிப் பண்ணே?"

"சட்டையால தொடச்சு, திருகி விடுவேன். கடை அக்கா சொன்னாங்க."

"வலிச்சிருக்குமே. அம்மாகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா அப்பாவத் திட்டுவாங்க."

"சரி, அப்பாகிட்ட?"

"அம்மா சரியாப் பாத்துக்கலன்னு சொல்வாரு."

மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டார். காது மரத்துப்போக ஊசி போட்டார். அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். சின்னக் கீறல் போட்டு, இடுக்கியால் பூட்டையும் தோட்டையும் வெளியே எடுத்தார். சீழும் கொஞ்சம் வந்தது. மிளகு, கடையில் அழாததற்கும் சேர்த்து அழுதாள். வலது காது பரவாயில்லை, லேசான சிவப்புதான் என்று சொல்லி, அந்தப் பூட்டைத் தளர்த்தி மட்டும் விட்டார். ஸ்பிரிட்டைத் தூக்கிப் போடச் சொன்னார். அது காயத்தை ஆறவிடாமல் இன்னும் புண்ணாக்குமாம்.

வெளியே நீளமான பெஞ்சில் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். மிளகு அம்மாவின் மடியில் தூங்கிவிட்டாள்.

"நான் பாத்திருக்கணும்," என்றாள் அம்மா. "கண்ணுக்கு முன்னாடிதான் இருந்துச்சு. கோவத்துல விட்டுட்டேன்."

அவன் கையில் காய்ந்திருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "உன்கிட்ட கேட்டுட்டுக் குத்தியிருக்கணும். கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கல."

"வேண்டாம்னு சொல்லல. லீவுல குத்தலாம்னு சொல்லியிருந்தேன்."

அவன் தூங்கும் மகளைப் பார்த்தான். "கள்ளி, அதச் சொல்லவே இல்ல," என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

புண் ஆறியது. ஓட்டையும் மூடிக்கொண்டது. மிளகு பல மாதங்கள் ஒற்றைத் தோட்டோடு திரிந்தாள். வகுப்பில், இன்னொரு தோடு எங்கே என்று கேட்டவர்களிடம், "சர்வீஸ்ல இருக்கு" என்று சொன்னாள். லிஃப்ட் மெக்கானிக் மகள் சொல்லக்கூடிய பதில்தான்.

மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது, இருவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டாள். இந்த முறை இடத்தை அம்மா தேடினாள்; அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பல் மருத்துவர் அறை போல வெளிச்சமாக இருந்தது. குத்துகிறவள் இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை குத்திக்கொண்ட பெண். முதல் தடவை போனபோது அவள் குத்தவில்லை. கையுறை போட்டுக்கொண்டு காது மடலை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் கட்டி மாதிரி இருக்கு. கரையட்டும். அப்புறம் வாங்க."

"லீவு போட்டுட்டு வந்திருக்கோம்," என்றான் அப்பா.

"புரியுதுங்க. குத்துறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். திரும்பப் பழுத்தா அவதிப்படப்போறது இவதானே?"

கட்டி கரைந்த பிறகு மீண்டும் போனார்கள். பச்சை குத்தியவள் மிளகின் உயரத்துக்குக் குனிந்து, "உனக்கு நெஜமாவே வேணுமா? வேண்டாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றாள்.

"வேணும். துப்பாக்கி வேண்டாம்."

"இங்க துப்பாக்கியே கிடையாது."

அவள் கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டு, ஒட்டியிருந்த பொட்டலத்தை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்து ஊசியை எடுத்தாள். பழைய தழும்புக்குச் சற்றுத் தள்ளிப் புள்ளி வைத்து, கண்ணாடியைக் கொடுத்து மிளகையே பார்க்கச் சொன்னாள். தினமும் கண்ணாடியை அளவு பார்த்து அரைக்கிற அம்மா குறுக்கே வந்து, ஒரு நூல் கீழே இருக்கிறது என்றாள். புள்ளி அழிக்கப்பட்டு மறுபடி வைக்கப்பட்டது. ஊசி போன அதே நொடியில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பதினைந்து மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் குழியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற அப்பா, முகம் வெளுத்துச் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் தலையைப் பிடித்துக் கீழே குனிய வைத்தாள்.

"நான் அழல. அப்பாதான் விழுந்துட்டாரு," என்று மிளகு பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இந்தத் தோடு டைட்டானியம்; நிக்கல் கலந்த தோடுதான் சிலருக்கு அரிக்கும் என்றாள் அந்தப் பெண். தண்டு வேண்டுமென்றே நீளமாக இருந்தது, வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக. அப்பா தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, மூன்று பேருக்கும் சேர்த்தே சொன்னாள்.

"திருகவே கூடாது. கையைக் கழுவாமத் தொடக் கூடாது. காலையிலயும் ராத்திரியும் இந்த உப்புத் தண்ணிய அடிச்சு, சுத்தமான துணியில ஒத்தி எடுங்க. நீச்சல் இப்போதைக்கு வேண்டாம். தலையணை உறைய அடிக்கடி மாத்துங்க. ஆறிடுச்சுன்னு தோணும், உள்ள ஆறியிருக்காது, அவசரப்பட்டுக் கழட்டாதீங்க. சூடாவோ சீழாவோ தெரிஞ்சா நீங்களே கழட்டாம நேரா டாக்டர்கிட்ட போங்க."

அதன்பிறகு உப்புத் தண்ணீர் புட்டி மிளகோடு இரண்டு வீட்டுக்கும் போய் வந்தது. வெள்ளிக்கிழமை வாசலில் அம்மா, "இன்னைக்குக் கொஞ்சம் பொருக்கு இருக்கு, நோண்டாம நனைச்சு எடுங்க," என்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன், "வீக்கமே இல்ல, நேத்துக் குளிச்சப்புறம் காய வெச்சேன்," என்பான். காதைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் சில நாள் பேச்சு நீண்டது: பள்ளி வேன், கடைவாய்ப் பல், கணக்கில் வாங்கிய மார்க்.

ஒருநாள் ஃபோனில் அம்மா கேட்டாள். "தலையணை உறை மாத்துறீங்களா?"

"ஒரே உறைதான் இருக்கு. துவைச்சுக் காயப் போட்டா, அன்னைக்கு உறையில்லாமத்தான் படுக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை மிளகின் பையில் இரண்டு பருத்தி உறைகள் இருந்தன.

அவர்கள் மீண்டும் சேரவில்லை. அந்த வருஷக் கடைசியில் விவாகரத்து முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பேருந்தில் வேலைக்குப் போனார்கள். இடது காதின் துளை நன்றாக ஆறியது. வலதைவிட ஒரு நூல் உள்ளே தள்ளி இருக்கிறது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும்.

காது ஆறிவிட்டதால் உறைகள் திரும்பி வந்தன. அம்மா பையைத் திறந்து எடுத்துப் பார்த்தாள். துவைத்து, மூலைக்கு மூலை மடித்து, இஸ்திரி போட்டிருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் ஒரு கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போட்டதில்லை. அவள் அவற்றை மேசை மேல் வைத்துவிட்டு, மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.