பிள்ளையாருக்கு வைத்திருந்த தண்ணீர்

தென்காசியில் ஒரு சாக்கடை சிற்றாற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே ஒரு படித்துறை உண்டு. அங்கேதான் அனுசியா பரிசோதனைக்கான கடைசி பாட்டிலை நிரப்பினாள். தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில் இருந்தது; கறுப்பு பாட்டிலுக்குள் போனதும் நிறம் வெளியே தெரியவில்லை. ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை அது பனிக்கட்டியில் இருக்க வேண்டும். பெட்டியிலோ கட்டி கரைந்துவிட்டது.

கரைப் பிள்ளையார் அருகே பூக்கட்டிக்கொண்டிருந்த வடிவம்மாளிடம் பாட்டிலைக் கொடுத்தாள்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஐஸ் வாங்கிட்டு வந்திருதேன்.”

“நீ போயிட்டு வா தாயி.”

வடிவம்மாள் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. அலுவலகத்தில் அதிகாரி நம்பிராஜன் தாளை இரண்டு தடவை படித்தார்.

“ஊருக்கு மேல எடுத்த தண்ணி சுமார். சாக்கடைக்குக் கீழ எடுத்தது அருவித் தண்ணி மாதிரி இருக்கு. ஏம்மா, இனி ஜனங்களச் சாக்கடையில குளிக்கச் சொல்லிருவமா?”

அவர் சிரிக்கவில்லை. அனுசியாவும் சிரிக்கவில்லை. இந்தத் தாள் மேலே போனால், சாக்கடையைத் திருப்பிவிடச் சொல்லிப் படித்துறை ஜனங்கள் கொடுத்த மனு அதோடு சரி. குளித்துக் குளித்துக் காலில் சொறி வந்தவர்கள் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

“பாட்டில நடுவுல யார் கையிலயும் குடுத்தியா?”

இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஒரு வம்பும் வராது.

“குடுத்தேன் சார். என் தப்புதான்.”

யார் கை என்று அவள் சொல்லவில்லை.

“மெமோ வரும். நாளைக்கே மறுபடி எடுத்துட்டு வா.”

மறுநாள் படித்துறையில் வடிவம்மாள் எதையும் மறைக்கவில்லை.

“நாந்தான் கொட்டுனேன். அதக் குடிச்சா காலரால்லா வரும்! வெயில்ல அலையுத பிள்ளையாச்சேன்னு பாட்டில நல்லாத் தேச்சுக் கழுவி, பிள்ளையாருக்குக் குத்தாலத்துல இருந்து கொண்டாந்த தண்ணியில பாதிய ஊத்தி வச்சேன். அன்னைக்கு அவருக்குப் பாதிக் குளிப்புதான்.”

பிள்ளையார் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

அனுசியா நல்ல கோபத்தோடுதான் வந்திருந்தாள். பேசிக்கொண்டே வடிவம்மாள் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

“ரொம்ப நல்ல தண்ணிக்கா. ஆபீஸ்லயும் அதான் சொன்னாங்க” என்றாள் அனுசியா. பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

“அய்யோ, என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனாட்டி!”

இந்த முறை பாட்டில் அனுசியாவின் கையைவிட்டுப் போகவில்லை. கட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு வடிவம்மாளே ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தாள்.

மாதக் கடைசியில் அனுசியா மறுபடி அந்தப் பக்கம் வந்தாள்.

“என்னட்டி, பாஸா ஃபெயிலா?”

“ஃபெயில்க்கா. படுமோசமான ஃபெயில். சாக்கடையத் திருப்பிவிட உத்தரவு வந்துட்டு.”

வடிவம்மாள் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அனுசியாவின் பையிலிருந்து பாட்டிலை உருவினாள்.

“இது நீ குடிக்கதுதான?”

“ஆமாக்கா.”

கேட்டுக்கொண்ட பிறகுதான் பிள்ளையாருக்கு வைத்திருந்த குடத்தை அதில் சாய்த்தாள்.